பாம்புக்கு எந்தப் பெட்டி: கண்ணாடியா, பலகையா, பானையா?

பாம்பு வளர்க்கப் பெட்டி எதில் செய்யலாம் என்று யூடியூப்பில் தேடினால், முதல் பத்து வீடியோவும் கிட்டத்தட்ட ஒரே பதிலைத்தான் சொல்லும். "கண்ணாடி வேண்டாம், சூடு வெளியே போயிடும். பிவிசி வாங்குங்க, சூடு உள்ளேயே நிக்கும்." சொல்கிறவர்கள் பெரும்பாலும் குளிர் நாட்டுக்காரர்கள். அவர்கள் அறையில் 20 டிகிரி இருக்கும், பெட்டிக்குள் 30 வேண்டும். அதனால் அவர்களுக்கு அது சரியான பதில். ஆனால் தென்காசியில் சித்திரை மாசம் மொட்டைமாடிக்குக் கீழே இருக்கிற ரூமில் கேள்வியே வேற. அங்கே சூட்டை எப்படி உள்ளே வைப்பது என்பது பிரச்சினை இல்லை, எப்படி வெளியே வைப்பது என்பதுதான்.

முதல்ல சட்டம்

நல்ல பாம்பு, சாரை, மலைப்பாம்பு என்று நம்ம ஊரில் பார்க்கிற பாம்புகளைப் பிடித்து வீட்டில் வைத்தால் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வீட்டுக்குள் வந்தால் தீயணைப்புத் துறைக்கோ வனத்துறைக்கோ போன் போடுங்க, அவ்வளவுதான். இங்கே பேசுவது வெளிநாட்டு இனங்களைப் பற்றி. உதாரணம், மேற்கு ஆப்பிரிக்காவின் பால் பைதான் (பந்து மாதிரி சுருண்டுகொள்வதால் அந்தப் பேர், குடிக்கிற பால் இல்லை). அதையும் 2024 விதிகளின்படி பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்தாக வேண்டும். பேப்பர் இல்லாமல் விற்கிறவரிடம் வாங்கவே வாங்காதீங்க.

பாம்புக்கு என்ன தேவை?

பாம்பு தன் உடம்புச் சூட்டைத் தானே உண்டாக்காது, வேர்க்கவும் வேர்க்காது. சூடு வேண்டுமென்றால் சூடான இடத்துக்கு நகரும், அதிகமானால் குளிர்ந்த இடத்துக்கு நகரும். அதனால் பெட்டிக்குள் இரண்டு முனை வேண்டும். பால் பைதானுக்கு ஒரு முனையில் 31 முதல் 33 டிகிரி, மறுமுனையில் சுமார் 25 முதல் 27. காட்டில் எங்கே வேண்டுமானாலும் போகும். பெட்டிக்குள் அது போகக்கூடிய தூரம் நாலு அடி. குளிர்ந்த முனையே 36 டிகிரி ஆகிவிட்டால் அதுக்கு வேறு வழியே கிடையாது. கத்தாது, குரைக்காது. நாம கவனிக்கும்போது நிலைமை கை மீறியிருக்கலாம்.

பொருள்களை ஒரு ரவுண்டு பார்ப்போம்

கண்ணாடி: சுத்தம் செய்ய எளிது, கீறல் விழாது, ஈரத்தால் கெடாது. ஆனால் கனம். 4 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரத் தொட்டியை 6 மில்லிமீட்டர் கண்ணாடியில் செய்தால், மூடி இல்லாமலே சுமார் 45 கிலோ வரும். ஜன்னல் பக்கம் வைத்தால் வெயில் ஒளி உள்ளே வரும், உள்ளே உண்டாகும் வெப்பக் கதிர் திரும்ப வெளியே போகாது. கார் கண்ணாடியை ஏற்றிவிட்டு வெயிலில் நிறுத்தின கதைதான். நாலு பக்கமும் திறந்து தெரிவதால் பாம்புக்கும் பயம், அதனால் மூன்று பக்கத்தை மறைக்க வேண்டும்.

பிளைவுட்: சூட்டைத் தாங்கும், தச்சரிடம் சொன்னால் அளவுக்குச் செய்து தருவார். எதிரி ஈரம். சாதாரண கமர்ஷியல் பிளை குற்றாலச் சாரலில் ஒரே சீசனில் உப்பி, ஓரம் பிரிந்துவிடும். ஐஎஸ் 710 முத்திரை உள்ள மரைன் பிளை எடுத்து, ஓரங்களை சீல் செய்து, வார்னிஷ் வாசனை முழுசாகப் போன பிறகே பாம்பை விட வேண்டும். தேவதாரு மாதிரி வாசனை எண்ணெய் உள்ள மரம் கூடவே கூடாது.

பிவிசி ஃபோம் ஷீட்: மாடுலர் கிச்சன் செய்கிற கடையில் கிடைக்கும். லேசு, ஈரம் ஏறாது. ஆனால் 80 டிகிரி பக்கம் போனால் இளகும், ஹீட் பல்பை ஒட்டி வைக்கக் கூடாது.

ஒரு சின்ன கணக்கு

வெப்பம் கடத்தும் திறனைப் பார்த்தால் கண்ணாடி பிவிசி ஃபோமைவிடப் பத்து மடங்குக்கும் மேல். அப்படியென்றால் பத்து மடங்கு வெப்பம் போகுமா? ஹீட் ட்ரான்ஸ்ஃபர் பேப்பர் எழுதினவர்களுக்குத் தெரியும், சுவரின் இரண்டு பக்கமும் ஒட்டி நிற்கும் காற்றுப் படலமும் ஒரு தடை. அதையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் 6 மில்லிமீட்டர் கண்ணாடிக்கு சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு, சுமார் 4 வாட். 10 மில்லிமீட்டர் பிவிசி ஃபோமுக்கு சுமார் 2.4. பத்து மடங்கு இல்லை, இரண்டு மடங்குகூட இல்லை. கண்ணாடித் தொட்டியில் சூடு போவதற்குப் பெரிய காரணம் மேலே இருக்கிற வலை மூடி.

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. இன்சுலேஷன் சூட்டைத் தாமதப்படுத்தும், தடுக்காது. ரூம் நாள் முழுக்க 36 டிகிரியில் இருந்தால், எந்தப் பொருளில் செய்த பெட்டியும் கடைசியில் 36-க்குத்தான் வரும். உள்ளே பல்பும் எரிந்தால் அதுக்கும் மேலே. ஆக, பெட்டியின் பொருளை மட்டும் மாற்றிக் கோடையை ஜெயிக்க முடியாது. வெப்பத்தை யாராவது வெளியே எடுத்துப் போக வேண்டும்.

வடநெம்மேலிப் பானை

அதுக்கு நம்மகிட்ட ஏற்கெனவே ஒரு பதில் இருக்கிறது. மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில், முதலைப் பண்ணை வளாகத்தில், இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இயங்குகிறது. 1978-ல் ரோமுலஸ் விட்டேக்கரின் முயற்சியோடு உருவானது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றை அரசு அனுமதியோடு பிடித்து, சுமார் மூன்று வாரம் வைத்திருந்து, விஷம் எடுத்துவிட்டுத் திரும்பக் காட்டில் விடுகிறார்கள். நாட்டின் விஷமுறிவு மருந்துக்கான விஷத்தில் பெரும் பங்கு இங்கிருந்துதான் போகிறது. அந்த மூன்று வாரமும் பாம்புகள் இருப்பது மண்பானையில். உள்ளே பாதி மணல், வாய்க்குத் துணிக் கட்டு.

பானை ஏன்? இருட்டு, அடக்கம், காற்றோட்டம் மூன்றும் ஒரே பொருளில் கிடைக்கிறது. மெருகு போடாத மண் என்பதால் நுண்துளை வழியாக ஈரம் கசிந்து ஆவியாகும். ஒரு கிராம் தண்ணீர் ஆவியாக சுமார் 2,400 ஜூல் வெப்பத்தை எடுத்துப் போகும். பானைத் தண்ணீர் ஜில்லென்று இருப்பதும் இதனால்தான். ஆனால் அது சில வார இருப்புக்கான ஏற்பாடு, வருஷக்கணக்கில் பாம்பை வைக்கிற வீடு இல்லை. நாம எடுத்துக்க வேண்டியது அந்தத் தத்துவத்தை.

அப்போ தென்காசிக்கு எது?

தென்காசியில் சித்திரை, வைகாசியில் வறண்ட சூடு. ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியே காற்றும் சாரலும். குற்றாலத்தில் ஈரம் இன்னும் அதிகம். இரண்டையும் தாங்க ஓரம் சீல் செய்த மரைன் பிளையோ பிவிசி ஃபோமோ போதும், முன்பக்கம் மட்டும் கண்ணாடிக் கதவு, கட்டாயம் பூட்டு. எதிரெதிர்ப் பக்கத்தில் காற்றுத் துளை. குளிர்ந்த முனையில் வாசல் வெட்டி, விளிம்பு தேய்த்து, கவிழ்த்து வைத்த மண்சட்டி. கோடையில் சட்டியின் வெளிப்பக்கத்தை நனைத்தால் போதும். காற்று வறண்டிருப்பதால் நன்றாகக் குளிரும். சாரலில் நனைக்காதீங்க. அப்போது ஆவியாகாது, தரைதான் ஈரமாகும், வயிற்றுச் செதில் அழுகும். பல்புக்குக் கம்பிக் கூண்டும் தெர்மோஸ்டாட்டும் வேண்டும்.

பெட்டிக்கு ஆர்டர் கொடுப்பதற்கு முன், வைக்கப்போகிற ரூமில் ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டரை வைத்துக் கோடையின் மத்தியான சூட்டைக் குறித்துக்கொள்ளுங்க. ஃபேனும் ஜன்னலும் ஈரச்சட்டியும் சேர்ந்தும் குளிர்ந்த முனை 30 டிகிரிக்குக் கீழே இறங்கவில்லை என்றால், அந்த ரூம் பாம்புக்கு ஆகாது. வேறு ரூம் இல்லையென்றால் பாம்பு வாங்காமல் இருப்பதே நல்லது.