வேலைச் சீட்டில் சாவி எதற்கு?

கணினி படித்த பிள்ளைகள் இன்று கியா பார்ம் வட்டாரத்தில் நம் வீடுகளிலும் இருக்கிறார்கள். காய்கறிக்கு மின்னஞ்சலில் வரும் ஆர்டரைப் பட்டியலில் பதிந்து, லாரிக்காரருக்குத் தானாகவே செய்தி போகும்படி அவர்களால் ஏற்பாடு செய்துவிட முடியும். இதற்கான மென்பொருள்களுள் ஒன்று, 2019ஆம் ஆண்டு பெர்லினில் தோன்றிய ‘என்-எய்ட்-என்’. அதை நம் சொந்தக் கணினியிலேயே ஓட்டலாம்.

அஞ்சலைத் திறக்கக் கடவுச்சொல் வேண்டும். செய்தி அனுப்ப வேறொரு இரகசியச் சாவி வேண்டும். அவற்றை எங்கே வைப்பது?

அவசரத்தில் பிள்ளைகள் வேலைக் குறிப்புக்குள்ளேயே எழுதிவிடுகிறார்கள். வேலையும் நடக்கும். ஆனால் அந்தக் குறிப்பு ஒரு கோப்பு அல்லவா? கூட்டாளி கேட்டால் நகல் கொடுப்போம். சாவியும் கூடவே போய்விடும். ‘ஸ்டோரில் உரம் எடு’ என்று மண்டோர் சீட்டு எழுதலாம். ஸ்டோர் சாவியை அந்தச் சீட்டோடு கட்டி அனுப்புவாரா?

பெரிய நிறுவனங்களே இதில் அகப்பட்டிருக்கின்றன. 2016இல் ஊபர் வாடகைக் கார் நிறுவனத்தின் பொறியாளர்கள் நிரல்களைச் சேர்த்து வைத்திருந்த இடத்துக்குள் சிலர் திருட்டுத்தனமாக நுழைந்தார்கள். அங்கே கிடைத்த ஒரு சாவியைக் கொண்டு, 5 கோடியே 70 இலட்சம் பேரின் விவரங்களை அள்ளிக்கொண்டார்கள். மறு ஆண்டு நவம்பரில்தான் நிறுவனம் அதை வெளியே சொன்னது.

நாங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லும் வழி ‘சூழல் மாறி’. குறிப்பில் சாவியின் பெயர் மட்டும் இருக்கும். சாவி கணினியில் தனியே இருக்கும். மென்பொருள் தொடங்கும் வேளையில் கணினி அதை எடுத்துக் கொடுக்கும். குறிப்பை யாருக்குக் கொடுத்தாலும் பெயர்தான் போகும்.

என்-எய்ட்-என் கடவுச்சொற்களைச் சங்கேதமாக்கித் தன் தரவுத்தளத்தில் பூட்டி வைக்கும். அந்தப் பூட்டின் சாவியைச் சூழல் மாறியாக நாமே கொடுக்கலாம். கொடுக்காவிட்டால், முதல் தடவை ஓடும்போது அதுவே ஒன்றை உண்டாக்கித் தன் கோப்புறையில் வைத்துக்கொள்ளும். பலர் இதைக் கவனிப்பதே இல்லை! கணினி பழுதாகி, தரவுத்தள நகல் மட்டும் மிஞ்சி, இந்தச் சாவி தொலைந்தால், அத்தனை கடவுச்சொற்களையும் மீண்டும் பதிய வேண்டியதுதான். ஆகவே அதைத் தாளில் எழுதி, அடையாளக் கார்டு வைக்கும் பெட்டியில் வையுங்கள்.

சூழல் மாறி இரும்புப் பெட்டி அன்று. அக்கணினியில் முழு உரிமை பெற்றவர் அதைப் படித்துவிடலாம். மாறிகளை ஒரு கோப்பில் எழுதி வைத்தால், உரியவர் மட்டும் திறக்கும்படி செய்யுங்கள். நிரலோடு சேர்த்து இணையத்தில் ஏற்றாதீர்கள். தவறி ஏறிவிட்டால், அழித்தால் மட்டும் போதாது, பழைய படிகளில் அது தங்கியிருக்கும். அன்றைக்கே கடவுச்சொல்லை மாற்றிவிடுங்கள்.