மீன்தொட்டித் தாவரங்களின் ஊட்டச்சத்துக் குறைபாடு

மீன்தொட்டித் தாவரங்களின் ஊட்டச்சத்துக் குறைபாடு என்பது, நன்னீர்த் தொட்டிச் செடிகளுக்கு வேண்டிய தனிமங்கள் போதாமையால் ஏற்படும் நிலையாகும். அறிகுறி முதலில் பழைய இலையில் தோன்றுகிறதா, புதிய இலையில் தோன்றுகிறதா என்பதே இதைக் கண்டறியும் முதற்படி.

பழைய இலைகள்

நைட்ரசன், பொட்டாசியம், மக்னீசியம் ஆகியவை செடிக்குள் இடம்பெயரக்கூடியவை. பற்றாக்குறையின்போது செடி இவற்றை முதிர்ந்த இலைகளிலிருந்து எடுத்துக் குருத்துக்கு அனுப்பும். முதிர்ந்த இலை முழுதும் மஞ்சளானால் நைட்ரசன் குறைவு. ஊசித்துளைகள் விழுந்தால் பொட்டாசியம் குறைவு. நரம்பு பச்சையாக இருந்து இடைப்பகுதி மஞ்சளானால் மக்னீசியம் குறைவு எனக் கருதலாம்.

புதிய இலைகள்

இரும்பும் கால்சியமும் எளிதில் இடம்பெயராதவை. இரும்பு குறைந்தால் குருத்து வெளிறும். கால்சியம் குறைந்தால் குருத்து சிறுத்துக் கோணலாகும்.

கரிசல் வட்டார நீர்

எட்டயபுரம், கோவில்பட்டிப் பகுதிகளில் பல கிணறுகளின் நீர் கடினமானது, காரத்தன்மை உடையது. இதில் கால்சியம் குறைவது அரிது. ஆனால் கார நீரில் இரும்பு கரையாத துகளாகப் படிந்துவிடுவதால், இருந்தும் செடிக்குக் கிட்டாது. சுண்ணாம்பு மிகுந்த கரிசலில் சோளக்குருத்து வெளிறுவதும் இவ்வாறே. கீலேட் இரும்புகளில் இ.டி.டி.ஏ வகை கார நீரில் எளிதில் பிரியும், டி.டி.பி.ஏ வகை அதைவிட நிலைக்கும்.

சரிபார்த்தல்

கெட்டுப்போன இலை மீளாது; அடுத்து விடும் இலையே விடை தரும். எனவே ஒரு நேரத்தில் ஒரே சத்தைக் கூட்டி, இரண்டு வாரம் கவனிக்க வேண்டும். எல்லா உரங்களையும் ஒருசேர ஊற்றினால் காரணம் தெரியாமல் போவதோடு பாசியும் பெருகும்.