கோழிக்குத்தானே என்று கொடுக்கும் சரக்கு



நம் பலசரக்குக் கடைகளில் "மருந்துக்கு" என்று சொல்லிச் சரக்கு வாங்கும் வழக்கம் இன்னும் அடியோடு போய்விடவில்லை. சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், சீரகம், வசம்பு, கடுக்காய், விரலி மஞ்சள் ஆகியவற்றைச் சமையலுக்கு ஒரு கணக்கிலும் மருந்துக்கு ஒரு கணக்கிலும் வாங்குவார்கள். சமையலுக்கு என்றால் நூறு கிராம், கால் கிலோ. மருந்துக்கு என்றால் ஐந்து ரூபாய்க்கு, பத்து ரூபாய்க்கு. முன்பெல்லாம் வசம்பை இருட்டிய பிறகு பெயர் சொல்லிக் கேட்க மாட்டார்கள். "பேர் சொல்லாதது கொடுங்க அண்ணாச்சி" என்பார்கள். கைப்பிள்ளைக்காரி வந்திருக்கிறாள் என்று நாமும் தெரிந்துகொள்வோம். (இப்போது பிள்ளைக்கு அதை உள்ளுக்குக் கொடுக்கக் கூடாது என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். அதுவும் சரிதான்.) சில ஆண்டுகளாக எங்கள் கடையில் கவனித்து வருகிறோம், பிள்ளைக்குக் கேட்பவர்கள் குறைந்து, கோழிக்குக் கேட்பவர்கள் கூடியிருக்கிறார்கள்.

வ. புதுப்பட்டி, வத்திராயிருப்பு, கூமாப்பட்டி, கான்சாபுரம் பக்கமெல்லாம் பிளவக்கல் அணைத் தண்ணீரில் நெல்லும், மலையடிவாரத்தில் தென்னையும் மாவும் உள்ள ஊர்கள். நெல் உள்ள ஊரில் குருணையும் தவிடும் உண்டு. குருணையும் தவிடும் உள்ள வீட்டில் கோழி உண்டு. பத்துக் கோழி, இருபது கோழி என்று பெண்கள் வளர்த்து, ஆடி மாதம் கோயில் பொங்கலுக்குச் சேவலாகவும் தீபாவளிக்குக் கறிக்கோழியாகவும் விற்று விடுவார்கள். புரட்டாசியில் விலை படுத்துவிடும். இந்தப் பணம்தான் பல வீடுகளில் நம் கடைப் பற்றுக் கணக்கை நேர் செய்கிறது என்பதை நம்மைவிட நன்றாக அறிந்தவர்கள் யாரும் இல்லை. ஒரு வீட்டில் கோழி சீக்கு வந்து போய்விட்டால், அந்த மாதம் நம் நோட்டில் ஒரு பக்கம் வரவு இல்லாமல் நிற்கும். ஆகையால் கோழி நம் தொழிலைச் சேராத விஷயம் என்று நினைக்க வேண்டாம்.

கோழி மருந்துக்கு என்று என்ன கேட்கிறார்கள்? சீரகம், மிளகு, மஞ்சள், சின்ன வெங்காயம், பூண்டு. இவற்றோடு வயல் வரப்பில் கிடைக்கும் கீழாநெல்லியைச் சேர்த்து அரைத்து உருண்டையாகக் கொடுப்பது கழிச்சலுக்கு. அம்மைக் கொப்புளத்துக்கு மஞ்சளும் வேப்பிலையும் அரைத்து மேலே பூசுவது. பேனுக்கும் செள்ளுக்கும் அடுப்புச் சாம்பலில் புரள விடுவது. பொரித்த குஞ்சுக்கு முதல் நாள் கருப்பட்டித் தண்ணீர். இவை நம் பாட்டிமார் செய்தவை. அடை வைக்கும் கூடையில் கரித்துண்டும் ஒரு வத்தலும் இரும்பு ஆணியும் போட்டு வைப்பார்கள், இடி இடித்தால் முட்டை கெடாது என்று. இடிக்கும் ஆணிக்கும் என்ன சம்பந்தமோ, 21 நாளில் குஞ்சு வந்துவிடும், ஆணி போடாத கூடையிலும் வந்துவிடும். அதனால் ஒரு நஷ்டமும் இல்லை.

இந்த வைத்தியங்களைப் படித்தவர்கள் ஒரு காலத்தில் கேலி பேசினார்கள். இன்று நிலைமை வேறு. 1989ல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் தஞ்சாவூர் ஆராய்ச்சி மையத்தில் பேராசிரியர் புண்ணியமூர்த்தி அவர்கள் இந்த அஞ்சறைப் பெட்டி மருந்துகளை எடுத்து, எந்த நோய்க்கு எது, எவ்வளவு, எத்தனை நாள் என்று முறைப்படுத்தி, மாடுகளுக்கும் கோழிகளுக்கும் விவசாயிகளிடம் கொண்டு சேர்த்தார். தேசிய பால்வள வாரியமும் மாடுகளுக்கு இதே வழியைப் பரப்பி வருகிறது. காரணம் இல்லாமல் இல்லை. ஆன்டிபயாடிக் மருந்தைத் தீவனத்தில் அள்ளிப் போட்டு வளர்த்தால், கிருமிகள் அந்த மருந்துக்குப் பழகிவிடுகின்றன. பிறகு மனிதனுக்குச் சீக்கு வரும்போது அதே மருந்து கேட்பதில்லை. கோலிஸ்டின் என்ற மருந்தை உணவுக்கான கால்நடைகளுக்கும் கோழிகளுக்கும் பயன்படுத்தக் கூடாது என்று மத்திய அரசு 2019ல் தடை விதித்தது இதற்காகத்தான்.

இவ்வளவு மதிப்பு ஏற்பட்டிருக்கும் சரக்கு நம் கல்லாவுக்கு முன்னால் இருக்கிறது. அதை எப்படிக் கொடுக்கிறோம் என்பதுதான் கேள்வி.

"மருந்துக்கு" என்றால் நல்ல சரக்கை எடுத்துக் கொடுக்கும் கடைக்காரர்கூட, "கோழிக்கு" என்றால் டின்னின் அடியில் கிடப்பதைச் சுரண்டிக் கொடுக்கிறார். கோழிக்குத்தானே! வண்டு துளைத்த விரலி மஞ்சள், வாசனை போன சீரகம், நொய் மிளகு. மஞ்சளை உடைத்தால் உள்ளே ஆரஞ்சு நிறமாக, அழுத்தமாக இருக்க வேண்டும். மேலே மட்டும் பளபளவென்று மஞ்சள் ஏற்றியிருந்தால் அது சாயம். அந்தச் சாயம் ஈயக் குரோமேட்டாக இருந்தால் நஞ்சு. மிளகைத் தண்ணீரில் போட்டால் நல்ல மணி அடியில் போகும். பொக்கும், கலந்திருக்கும் பப்பாளி விதையும் மிதக்கும். இதெல்லாம் உங்களுக்குத் தெரியாதது அல்ல. சூடம் கேட்டால் மட்டும் ஒரு வார்த்தை எச்சரித்துக் கொடுங்கள்: சாமிக்கு ஏற்றும் சூடம் உள்ளுக்குக் கொடுக்கும் பொருள் அல்ல, கோழிக்கும்தான்.

மசாலைச் சரக்கில் ஏற்படும் கெடுதல் சிறிது. பெரிய கெடுதல் தானியத்தில் இருக்கிறது. மருந்துக்குப் பத்து ரூபாய்ச் சரக்கு வாங்குகிறவர்கள், அதே பையில் ஐந்து கிலோ கோழித் தீவனமும் வாங்கிப் போகிறார்கள். அது என்ன தீவனம்? மழையில் நனைந்த மூட்டையின் மக்காச்சோளம், கட்டி பிடித்த குருணை, சிக்கு வாடை அடிக்கும் கம்பு, பச்சை படர்ந்த கடலைப் புண்ணாக்கு. மனிதருக்கு விற்க முடியாதது எல்லாம் "கோழிச் சரக்கு" என்று ஒரு மூலையில் சேர்கிறது. பாதி விலைக்குப் போனாலும் போட்ட முதலில் கொஞ்சம் கைக்கு வருகிறதே என்ற எண்ணம். தொழிலில் இந்தப் பழக்கம் நெடுநாளாக உண்டு. ஒருவரைச் சொல்லிப் பயனில்லை.

இந்தச் சரக்கு என்ன செய்யும் என்பதை உலகம் 1960ல் கண்டது. இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேலான வான்கோழிகள் சில மாதங்களில் செத்து விழுந்தன. என்ன நோய் என்று யாருக்கும் விளங்கவில்லை. தேடிப் பார்த்ததில், பிரேசில் நாட்டிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கு தீவனத்தில் சேர்ந்திருந்தது. அதில் வளர்ந்த பூஞ்சணம் ஒரு நஞ்சைச் சுரந்திருந்தது. அந்த நஞ்சுக்குத்தான் அஃப்ளாடாக்சின் என்று பெயர் வைத்தார்கள். நம் நாட்டில் 1974ல் ராஜஸ்தான், குஜராத் எல்லையில் உள்ள பழங்குடிக் கிராமங்களில், பருவம் தப்பிய மழையில் நனைந்த மக்காச்சோளத்தைச் சாப்பிட்டு மஞ்சள் காமாலை கண்டு 100க்கும் மேற்பட்ட மக்கள் இறந்தார்கள். அதுவும் இதே நஞ்சு.

வியாபாரிகள் கவனிக்க வேண்டிய விஷயம் இதுதான். பூஞ்சணத்தைத் தட்டிவிட்டாலும், கழுவினாலும், வெயிலில் போட்டாலும் ஏற்கெனவே சுரந்த நஞ்சு போவதில்லை. வேகவைத்தாலும் முழுதாக அழிவதில்லை. கண்ணுக்குத் தெரியும் பச்சையைத் துடைத்துவிட்டு "நல்லாயிருக்கு" என்று நிறுத்துப் போடுவதில் அர்த்தமே இல்லை. நாட்டுக்கோழி வான்கோழியைப் போலவோ வாத்துக் குஞ்சைப் போலவோ உடனே விழுந்து சாகாது. ஈரல் கெடும், தீனி குறையும், முட்டை குறையும். எல்லாவற்றுக்கும் மேலாக, உடம்பில் நோய் எதிர்ப்புச் சக்தி போய்விடும். அப்படிப்பட்ட கோழிக்குத் தடுப்பூசி போட்டாலும் சரியாகப் பிடிக்காது. சீக்கு வந்தால் மொத்தமாகப் போகும். பிறகு சீரகமும் மிளகும் தேடி நம் கடைக்கே வருவார்கள்.

போன கோடையில் எங்கள் கடைக்கு ஒரு அம்மாள் வந்தார். "அண்ணாச்சி, கோழி எல்லாம் தலையைத் தொங்கப் போட்டு வெள்ளையாக் கழியுது. நேத்து நாலு போச்சு. மருந்துக்குச் சாமான் குடுங்க" என்றார். மகளிர் குழுவில் கடன் வாங்கி வளர்த்த கோழிகள். ஊசி போட்டிருக்கிறதா என்று கேட்டோம். போடவில்லை. தீனி எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டோம். ஒரு கடையின் பெயரைச் சொல்லி, "கோழிச் சோளம், விலை கம்மி" என்றார். சாமானைக் கட்டிக் கொடுத்தோம். இது கழிச்சலைக் கொஞ்சம் தாங்கும், வந்துவிட்ட வெள்ளைக்கழிச்சலைத் தீர்க்கும் என்று நம்ப வேண்டாம், கால்நடை ஆஸ்பத்திரிக்கு இப்போதே போங்கள் என்றும் சொல்லி அனுப்பினோம். போனார். முப்பது கோழியில் ஐந்து மிஞ்சியதாகப் பின்னால் சொன்னார். ஒரு கோழி 400 ரூபாய் என்று வைத்துக் கொண்டாலும் 10,000 ரூபாய் மண்ணுக்குள் போனது. சோளத்தில் அவருக்கு மிச்சமானது கிலோவுக்கு ஏழு, எட்டு ரூபாய்.

வெள்ளைக்கழிச்சல் வைரஸ் நோய். 1926ல் இங்கிலாந்தில் நியூகாசில் என்ற ஊரில் அடையாளம் கண்டார்கள். அடுத்த ஓரிரு ஆண்டில் நம் இமயமலைப் பக்கம் ராணிக்கெட்டில் கண்டதால் இங்கே ராணிக்கெட் நோய் என்கிறோம். இதற்கு வந்தபின் மருந்து கிடையாது. வருமுன் தடுப்பூசி ஒன்றே வழி. நாட்டு மருந்தில் நம்பிக்கை உள்ள நாங்கள் இதை அழுத்திச் சொல்கிறோம். முதல் வாரத்தில் எஃப்1 மருந்து, கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு. நாலாவது வாரத்தில் லசோட்டா, குடிக்கும் தண்ணீரில். எட்டாவது வாரத்தில் ஆர்.2.பி ஊசி. தண்ணீரில் கலக்கும்போது குளோரின் போட்ட குழாய்த் தண்ணீர் கூடாது. கிணற்றுத் தண்ணீரில் லிட்டருக்கு 5 கிராம் கொழுப்பு நீக்கிய பால் பவுடர் கலந்து, அதில் மருந்தைச் சேர்த்து, இரண்டு மணி நேரத்துக்குள் குடித்து முடிக்கும்படி வைக்க வேண்டும். மருந்துப் புட்டியை ஐஸ் வைத்துத்தான் கொண்டு வர வேண்டும். மடியில் கட்டிக்கொண்டு பஸ்ஸில் வந்தால் அது வெறும் தண்ணீர்தான். நம் அரசு கால்நடைத் துறை ஆண்டுதோறும் பிப்ரவரியில் இரண்டு வாரம் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம் நடத்துகிறது. கோடை தொடங்கு முன் போட்டுவிட வேண்டும் என்பதற்காகவே அந்த மாதம். முகாம் தேதியைக் கடை வாசலில் ஒரு அட்டையில் எழுதி வைக்க நமக்குச் செலவு ஒன்றும் இல்லை.

கோழி வளர்ப்பில் லாபம் பார்த்தவர்கள் எங்கள் பக்கம் உண்டு. அவர்கள் யாரும் பெரிய கொட்டகை போட்டவர்கள் அல்லர். பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல், குஞ்சுக்கு முதல் மூன்று வாரம் பல்பு வெளிச்சத்தில் சூடு, பருந்துக்கும் கீரிக்கும் வலை, காலாகாலத்தில் ஊசி, காய்ந்த தீனி. அவ்வளவுதான். விற்கும் இடம் தெரிந்து வளர்த்தார்கள். 2012ல் கொங்குப் பக்கம் ஈமு கோழியில் பணம் போட்டவர்கள் கதை நமக்குத் தெரியும். தின்ன ஆள் இல்லாத பறவைக்குக் குஞ்சு விலை மட்டும் ஏறிக்கொண்டே போனது. நாட்டுக்கோழிக்கு அந்தக் கவலை இல்லை. வாங்க ஆள் எப்போதும் உண்டு.

இனி நம் கடைச் சரக்குக்கு வருவோம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில்தான் தானியம் கெடுகிறது. மூட்டையைத் தரையில் போடாமல் கட்டை அடுக்கி, சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வையுங்கள். மூட்டைக்குள் கையை விட்டால் சூடு தெரிந்தால் உள்ளே வேலை ஆரம்பித்துவிட்டது என்று பொருள். ஈரம் பார்க்க ஒரு எளிய வழி உண்டு. நன்றாகக் காய்ந்த கண்ணாடிப் புட்டியில் மூன்றில் ஒரு பங்கு தானியம் போட்டு, வறுத்து ஆறவைத்த தூள் உப்பு கொஞ்சம் சேர்த்து, ஒரு நிமிடம் குலுக்கிக் கால் மணி நேரம் வையுங்கள். உப்பு புட்டியின் பக்கத்தில் ஒட்டினால் ஈரம் நூற்றுக்குப் பதினைந்துக்கு மேல். அந்த மூட்டையை வாங்காதீர்கள், வாங்கியிருந்தால் அன்றே வெயிலில் விரியுங்கள். ஒட்டாவிட்டாலும் பல்லில் கடித்துப் பாருங்கள்; நறுக்கென்று உடைய வேண்டும்.

கொள்முதலிலேயே நனைந்த மூட்டை வந்தால் லாரி இறங்கும்போதே சீட்டில் எழுதித் திருப்பி விடுவது எங்கள் வழக்கம். மண்டிக்காரருக்கு முகம் கோணும். இரண்டு தடவை கோணினால் மூன்றாம் தடவை நல்ல மூட்டை வரும். கடையிலேயே பூஞ்சணம் பிடித்துவிட்டதை என்ன செய்வது என்று சிலர் கேட்கிறார்கள். மாட்டுக்குப் போடலாமா என்றால் கூடாது, அந்த நஞ்சு பாலில் இறங்கும். கோழிக்கும் கூடாது. நல்ல தானியத்தோடு கலந்து தள்ளுவது எல்லாவற்றிலும் மோசம், ஒரு மூட்டை நஞ்சு பத்து மூட்டையாகும். குழியில் கொட்டி மூட வேண்டியதுதான். அந்த நஷ்டத்தை அந்த வருஷக் கணக்கிலேயே எழுதி விடுங்கள்.