சைடுகார் வண்டியின் முன்சக்கர நடுக்கம்

தஞ்சாவூரிலிருந்து திருவையாறு சுமார் 13 கிலோமீட்டர் தூரமே. எனினும் அதற்குள் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி ஆகிய ஐந்து ஆறுகளைக் கடந்தாக வேண்டும். நண்பரொருவருடைய சைடுகார் பூட்டிய புல்லட்டில், அவருடைய முதிய தாயாரை அமர்த்திக்கொண்டு நாம் அவ்வழியே சென்றோம். ஒரு பாலத்தின் இறக்கத்தில், மணிக்கு 35 கிலோமீட்டர் வேகத்தில், கைப்பிடி திடீரென்று இடமும் வலமுமாக உதறத் தொடங்கிற்று. இடப்புறம் வாய்க்கால், எதிரே பேருந்து. அம்மையார், "தம்பி, வண்டிக்குக் குளிர்சுரமா?" என்று வினவினார். நமக்கு நாவெழவில்லை.

பட்டறையொன்றில் காட்டினோம். கோன் செட்டை மாற்றினர், நடுக்கம் நீங்கவில்லை. மீண்டும் மாற்றினர், பணமே நீங்கிற்று. ஆதலின் இவ்வியாதியின் மூலத்தை நாமே ஆராயப் புகுந்தோம்.

மோட்டார் சைக்கிளின் முன் கவை சாய்ந்து நிற்பதை யாவரும் அறிவர். அது திரும்பும் அச்சினைத் தரைவரை நீட்டினால், டயர் தரையைத் தொடும் இடத்திற்குச் சற்று முன்னே சென்று படும். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட தூரத்தை டிரெயில் என்பர். அச்சுக்குப் பின்னே இழுபட்டு வருவதனாலேயே சக்கரம் தானாக நேர்படுகின்றது. மருத்துவமனைக் கட்டிலின் கால் உருளையும் இவ்வாறே தொடர்கின்றது. வேகமாகத் தள்ளினால் அதுவே படபடவென்று ஆடுவதையும் காணலாம். இருசக்கர வண்டி சாய்ந்து திரும்புவது. அதற்கு இத்தூரம் மிகுந்திருத்தல் நலம். மூன்றாம் சக்கரம் பூட்டியபின் வண்டி சாயாது. கைவலியாலேயே திருப்ப வேண்டும். அப்போது அதே தூரம் மிகையாகி, நேர்பட வந்த சக்கரம் ஊஞ்சலைப்போல் மறுபுறம் ஓடிவிடுகின்றது.

ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. நிறுவனத்தார் 1955 முதல் 1969 வரை எர்ல்ஸ் கவை பூட்டிச் செய்த வண்டிகளில், சைடுகாருக்கென்றே கவையின் அச்சாணியை வேறொரு துளைக்கு மாற்றி இத்தூரத்தைக் குறைக்க வழி செய்திருந்தனர். 1955 முதல் சென்னையில் செய்யப்பட்டுவரும் புல்லட்டில் அவ்வசதி இல்லை. எனவே அதில் சிறிது நடுக்கம் இயல்பேயாயினும், கைகளைப் பறிக்கும் உதறலுக்கு வேறு காரணம் இருத்தல் வேண்டும்.

செலவில்லாதவற்றை முதலிற் பார்த்தல் முறை. டயரின் காற்றை அளந்தோம், சரியாகவே இருந்தது. முன்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, கவையருகே சுண்ணக்கட்டியைப் பிடித்துச் சுழற்றினோம். ரிம்மில் கோட்டம் இல்லை. கவையின் அடியைப் பற்றி முன்னும் பின்னும் அசைத்தோம், தளர்ச்சி இல்லை. கைப்பிடியை மெல்லத் திருப்புங்கால் நடுவில் பள்ளத்தில் விழுவதுபோல் தடை தோன்றினால் கோன் செட் தேய்ந்ததென்று கொள்ளலாம். இருமுறை புதுப்பித்த நம் கோன் செட்டிலோ வெண்ணெய்போல் வழுக்கிற்று!

பின்னர் சைடுகாரைப் பிணைக்கும் பிடிப்புகளுக்கு வந்தோம். மேற்கம்பியின் பிடிப்பு வழுவியிருந்தது. ஓட்டுபவரும் சுமையும் ஏறியபின் வண்டி செங்குத்தாகவோ, சைடுகாருக்கு எதிர்ப்புறம் சற்றே சாய்ந்தோ நிற்றல் வேண்டும். நம்முடையதோ இடப்புறம் சைடுகாரின்மேல் சாய்ந்திருந்தது. அடுத்து, வண்டியின் இரு சக்கரங்களை ஒட்டி ஒரு நீண்ட பலகையும், சைடுகார் சக்கரத்தை ஒட்டி மற்றொன்றும் வைத்து இடைவெளியை அளக்க வேண்டும். பட்டறைப் பையன் மூங்கிற்கழி கொணர்ந்தான். கழி கோணல், ஆதலின் அளவும் கோணல். தச்சரிடம் பலகை வாங்கி அளந்தோம். முன்பக்க இடைவெளி பின்பக்கத்தைவிட 12 முதல் 20 மில்லிமீட்டர் குறைந்திருத்தல் தகும்; இங்கோ 40க்கு மேல் குறைந்திருந்தது! மூன்றாம் சக்கரம் ஓயாது உராய்ந்து முன்சக்கரத்தை அலைக்கழித்தமை அப்போதுதான் விளங்கிற்று.

இவற்றைத் திருத்தியதும் உதறல் அடங்கிற்று. எஞ்சிய சிறு நடுக்கத்திற்கு ஸ்டியரிங் டாம்பர் பூட்டினோம். அதை முதலிலேயே பூட்டியிருப்பின் வழுவிய பிடிப்பு மறைந்தே கிடந்திருக்கும். ஒருநாள் கழன்றும் இருக்கும்.

வழியில் உதறல் கண்டால் விசையைச் சட்டென்று மூடலாகாது. இடப்புறச் சைடுகார் தன் வேகத்தால் முன்னே உந்த, வண்டி வலப்புறம், அதாவது எதிரே வரும் பேருந்தை நோக்கியே, திரும்பும். இரு கைகளாலும் உறுதியாய்ப் பற்றி, வேகத்தைச் சிறுகச்சிறுகக் குறைக்க வேண்டும். சாலையில் நெல் பரப்பியிருக்கும் அறுவடை நாளில் இது எளிதன்று.

தை மாதத்தில் அம்மையார் மீண்டும் நம்முடன் திருவையாறு வந்தார். ஐந்தாவது ஆறு வரையில் அவர் பேச்சை நிறுத்தவேயில்லை.