மோட்சத்துக்குப் பிறகு

சிலாவத்துறையில் ஒரு ஜனாஸாவும் அரிப்பில் ஒரு செத்தவீடும் ஒரே நாளில் வந்தால், இரண்டு ஊர்வலங்களும் மண்ணைத் தேடித்தான் போகும். ஒன்று மையவாடிக்கு, மற்றது சேமக்காலைக்கு. மன்னார் மாவட்டத்தின் முசலிப் பிரதேசத்தில் முஸ்லிம்களும் கத்தோலிக்கரும் தலைமுறை தலைமுறையாக அடுத்தடுத்த ஊர்களில் இருக்கிறார்கள். தொழுகையையும் பூசையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒற்றுமை அதிகம் தெரியாது. செத்தவரை என்ன செய்வது என்பதில் மட்டும் இரு பகுதியாரும் நெடுங்காலம் ஒரே வழியில் நின்றார்கள். காரணமும் ஏறத்தாழ ஒன்றே. கடவுள் ஒரு நாள் இந்த உடலை எழுப்புவார் என்று இருவருமே நம்புகிறார்கள்.

ஆனால் ஒரு வேடிக்கை. முஸ்லிம் அயலவரிடம் கேட்டால், மறுமை நாளில் கப்றிலிருந்து எழுப்பப்படுவோம் என்று தயங்காமல் சொல்வார். கத்தோலிக்கரிடம் கேட்டால் பெரும்பாலும் "ஆத்துமா மோட்சத்துக்குப் போகும்" என்பதோடு நிறுத்திக்கொள்வார். அது பிழையில்லை, பாதி. செபமாலை தொடங்கும்போது சொல்கிற விசுவாசப் பிரமாணத்தின் கடைசியில் சரீர உத்தானம் என்று ஒன்று வருகிறது. பழைய ஆட்கள் இப்போதும் அந்தச் சொல்லைத்தான் சொல்கிறார்கள். புதிய மொழிபெயர்ப்பில் உடலின் உயிர்ப்பு. வாய் தினமும் அதை அறிக்கையிடுகிறது, மனம் அதைத் தாண்டிப் போய்விடுகிறது. திருச்சபையின் போதனையில் மோட்சம் கதையின் முடிவல்ல. அங்கே சேர்ந்த ஆன்மாவுக்கும் இன்னும் வரவேண்டியது ஒன்று பாக்கி இருக்கிறது: அதனுடைய உடல்.

இந்த நம்பிக்கை தத்துவ விசாரணையில் பிறந்ததல்ல. எருசலேமில் ஒரு கல்லறை வெறுமையாகக் கிடந்தது, அதில் வைக்கப்பட்டவரைப் பலர் கண்டார்கள் என்ற சாட்சியத்தில் பிறந்தது. நற்செய்திகள் அந்தச் சாட்சியத்தைச் சொல்லும் விதத்தைக் கவனிக்க வேண்டும். உயிர்த்த இயேசு ஆவியாக மிதந்து வரவில்லை. யோவான் நற்செய்தியின் கடைசி அதிகாரத்தில், இரவு முழுக்க வலை போட்டு ஒன்றும் படாமல் விடியக் கரைக்கு வருகிற ஆட்களுக்கு, அவர் கரையில் நெருப்பு மூட்டி மீன் சுட்டு வைத்திருக்கிறார். இந்தக் காட்சியை அரிப்பின் கடற்றொழிலாளிக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. லூக்கா இன்னும் ஒரு படி மேலே போகிறார்: சீடர்களின் பயத்தைத் தெளிவிக்க, அவர்கள் கண்முன்னே மீனை வாங்கித் தின்கிறார் இயேசு. அதே சமயம் பூட்டிய அறைக்குள் வருகிறார். பழகியவர்களுக்கே முதலில் அடையாளம் தெரிவதில்லை. உடல் அதுதான், ஆனால் பழைய நிலையில் இல்லை.

செத்த லாசருவை இயேசு எழுப்பியதோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. லாசருவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவர் பிறகு மறுபடியும் சாகத்தான் வேண்டும். உயிர்ப்பு என்பது சாவுக்குத் திரும்ப வழியே இல்லாத வாழ்வு. கொரிந்து நகரத்தாருக்குப் பவுல் எழுதிய முதல் கடிதத்தின் 15ஆம் அதிகாரம் முழுதும் இதைப் பற்றியது. உடலை ஆன்மாவின் சிறை என்று எண்ணிப் பழகிய கிரேக்க உலகத்துக்கு, செத்த உடல் எழும்பும் என்ற பேச்சே அருவருப்பு. பவுல் அவர்களுக்கு விதையைக் காட்டினார். அகத்திமுறிப்புக் குளத்துத் தண்ணீரில் நெல் விதைக்கிறவருக்கு அது எளிதில் பிடிபடும்: விதைத்த நெல்மணியை மண்ணைக் கிண்டித் தேடினால் அது அங்கே இராது, ஆனால் வளர்ந்து நிற்கிற பயிர் வேறு எதிலிருந்தும் வந்ததல்ல.

சரி, எழும்புகிற உடல் எந்த வயதில் எழும்பும்? தொண்ணூறு வயதில் பல்லெல்லாம் போய்ப் படுக்கையில் கிடந்து செத்த அப்பாச்சி எப்படி எழும்புவார்? பிறந்தவுடன் இறந்த குழந்தை? சிரிப்புக்குரிய கேள்விகள் இல்லை இவை. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆப்பிரிக்கக் கரையில் ஆயராக இருந்த அகுஸ்தினார், 'கடவுளின் நகரம்' என்ற பெருநூலின் கடைசிப் பாகத்தில் இவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பேசியிருக்கிறார். எல்லோரும் முழு வளர்ச்சி பெற்ற இளமையில் எழும்புவார்கள் என்பது அவர் முடிவு. பெண்கள் உயிர்க்கும்போது ஆண்களாக மாறிவிடுவார்கள் என்று அந்தக் காலத்தில் சிலர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பெண்மை ஒரு குறையல்ல, பெண்கள் பெண்களாகவே எழும்புவார்கள் என்று அவர் அடித்துச் சொன்னார். வேதசாட்சிகளின் உடம்பில் காயத்தின் தழும்புகள் இருக்கும், அவை ஊனமாக இல்லாமல் அழகாகத் தெரியும் என்றும் எழுதினார்.

மன்னாரில் இருந்துகொண்டு வேதசாட்சிகளின் தழும்பு பற்றிய அந்த வரியைச் சும்மா கடந்துபோக முடியாது. 1544இல் யாழ்ப்பாண அரசன் சங்கிலி, ஞானஸ்நானம் பெற்றுச் சில மாதங்கள்கூடச் சரியாகக் கழியாத அறுநூறு பேர் வரையில் மன்னார்த் தீவில் வெட்டிக் கொன்றான். தோட்டவெளியில் அவர்கள் நினைவாகக் கோவில் இருக்கிறது. அண்மைக் காலத்துக்கு வந்தால், 2019 ஏப்ரல் 21 உயிர்ப்புப் பெருவிழாவன்று குண்டு வெடித்த கட்டுவாப்பிட்டிய கோவிலில், உயிர்த்த ஆண்டவரின் சுரூபத்தில் தெறித்த இரத்தத்தைத் துடைக்காமல் அப்படியே கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். உயிர்த்த பிறகும் இயேசுவின் கையில் ஆணித்தழும்பு இருந்தது, தோமையார் அதைப் பார்த்துத்தான் நம்பினார் என்ற நற்செய்திச் செய்தியைப் பிரசங்கங்களைவிட அந்தச் சுரூபம் நன்றாக விளக்குகிறது என்பது என் எண்ணம்.

இரண்டு முறை கலியாணம் செய்தவர்களுக்கு வரும் சந்தேகத்தை இயேசுவிடமே கேட்டுவிட்டார்கள். உயிர்ப்பை நம்பாத சதுசேயர், ஏழு சகோதரர்களை ஒருவர் பின் ஒருவராக மணந்து எல்லோரையும் பறிகொடுத்த பெண் யாருக்கு மனைவியாவாள் என்று மடக்கப் பார்த்தார்கள். அங்கே பெண் கொள்வதும் கொடுப்பதும் இல்லை என்பது பதில்.

இனி கடலுக்கு வருவோம். இந்தக் கரையில் இதுதான் பெரிய கேள்வி. அரிப்பிலும் மரிச்சுக்கட்டியிலும் முத்துக்குளிப்புக்குக் கொட்டில் போட்ட காலத்தில், தூத்துக்குடிப் பக்கத்துக் கத்தோலிக்கப் பரவர்களும் வந்து மூழ்கினார்கள். சுறாப் பயம் எல்லோருக்கும் பொது. இன்றைக்கும் தொழிலுக்குப் போய்த் திரும்பாதவர்கள் உண்டு. மீன் தின்ற உடல் எப்படி எழும்பும்? அந்த மீனை இன்னொரு மனிதன் தின்றிருந்தால்? ஆதித் திருச்சபையின் எதிரிகள் இதைத்தான் கேலியாகக் கேட்டார்கள்; அகுஸ்தினாருக்கு முன்பே திருச்சபையார் பதில் எழுதத் தொடங்கிவிட்டார்கள். பதிலின் சாரம் எளியது: ஒன்றுமில்லாமையிலிருந்து ஆளைப் படைத்தவருக்கு, சிதறியதைச் சேர்ப்பது கஷ்டமான வேலையல்ல. திருவெளிப்பாட்டு நூலின் 20ஆம் அதிகாரம், கடைசி நாளில் கடல் தன்னிடமிருக்கும் இறந்தவர்களை ஒப்படைக்கும் என்று கடலைத் தனியாகக் குறிப்பிட்டே சொல்கிறது. எனவே எரிந்த உடல், கரைந்த உடல், கிடைக்காத உடல் எதுவும் உயிர்ப்புக்குத் தடையில்லை. குழி தோண்டுவது உடலைப் பத்திரப்படுத்தி வைக்க அல்ல, மரியாதை செய்ய.

தடையில்லை என்று சொல்வதால் தேடுவதை விட்டுவிடலாம் என்று ஆகாது. மன்னார் ஆயராக இருந்த இராயப்பு ஜோசப், 2011 ஜனவரியில் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன், அரசாங்கத்தின் கணக்குகளையே வைத்து, போரின் முடிவில் கணக்கில் வராத 146,679 பேருக்கு என்ன நடந்தது என்று கேட்டார். 2018இல் மன்னார் நகரத்துச் சதொச வளவில் கட்டட வேலைக்குத் தோண்டியபோது எலும்புகள் வெளிப்பட்டன. தோண்டி முடிக்கையில் முந்நூறுக்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள். அமெரிக்க ஆய்வுகூடம் ஒன்று அவற்றைப் பல நூற்றாண்டுகள் பழையவை என்றது. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மாருக்கு அந்தப் பதில் போதவில்லை. உடல் வெறும் கூடு, உள்ளே இருந்தது பறந்துவிட்டது என்று நம்புகிறவருக்கு எலும்பு யாருடையது என்பது பெரிய விஷயமாக இராமல் போகலாம். கிறிஸ்தவம் அப்படி நம்ப விடுவதில்லை. அந்த எலும்பும் ஆளின் பங்குதான். ஆயர் 2021 ஏப்ரல் 1, பெரிய வியாழனன்று இறந்தார். உயிர்ப்பு ஞாயிறுக்கு மறுநாள் மன்னார் புனித செபஸ்தியார் பேராலயத்தில் அடக்கம் செய்தார்கள்.

எரிப்பது பற்றி இரு சமயங்களும் பிரிகிற இடம் ஒன்று உண்டு. இஸ்லாத்தில் அதற்கு இடமே இல்லை. கத்தோலிக்கத் திருச்சபை 1886இல் தடை போட்டது. ஐரோப்பாவில் உயிர்ப்பை மறுக்கிறவர்கள் அந்த மறுப்பைக் காட்டவே உடலை எரிக்கச் சொன்ன காலம் அது. 1963இல் தடையை எடுத்துவிட்டார்கள்: உயிர்ப்பை மறுப்பதற்காக இல்லாவிட்டால் எரிக்கலாம். 2016இல் வந்த வழிகாட்டல், புதைப்பதே விரும்பத்தக்கது, எரித்தால் சாம்பலைக் கடலில் கரைக்கவோ வீட்டில் வைத்திருக்கவோ கூடாது, புனிதப்படுத்திய இடத்தில் வைக்க வேண்டும் என்றது.

2020 ஏப்ரலில் கொவிட் தொற்றில் இறந்த எல்லோரையும் எரிக்க வேண்டுமென்று அரசாங்கம் வர்த்தமானி வெளியிட்டபோது இந்த வித்தியாசம் வெளியே தெரிந்தது. கத்தோலிக்கக் குடும்பத்துக்கு அது துக்கம்; முஸ்லிம் குடும்பத்துக்கு அது மார்க்கம் விலக்கிய செயலைத் தங்கள் உறவுக்கே செய்ய விடுவது. பொரளை மயான வேலியில் வெள்ளைத் துணி கட்டி எதிர்ப்புக் காட்டியவர்களில் எல்லாச் சமயத்தாரும் இருந்தார்கள். 2021 பெப்ரவரி கடைசியில்தான் புதைக்க அனுமதி வந்தது. முதலில் சொன்ன இடம் கத்தோலிக்க மீனவர் வாழும் இரணைதீவு, அவர்களிடம் கேட்காமலே. எதிர்ப்புக்குப் பிறகு ஓட்டமாவடிக்கு மாற்றினார்கள். இறந்தவர் உடல் எங்கே கிடக்கிறது என்பது இந்தப் பக்கத்தாருக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்று அப்போது யாராவது கேட்டிருந்தால், முசலிக்காரர் சொல்லியிருப்பார். 1990இல் விரட்டப்பட்ட முஸ்லிம்களும், 2007இல் வெளியேற்றப்பட்ட முள்ளிக்குளத்தாரும், தங்கள் முன்னோரின் குழிகளை விட்டு ஆண்டுக்கணக்கில் தள்ளி இருந்தவர்கள்.

சாவுக்கும் கடைசி நாளுக்கும் இடையில் என்ன நடக்கிறது? இங்கேதான் கிறிஸ்தவர்களே பல வழியாகப் பிரிகிறார்கள். கத்தோலிக்கப் போதனையில், இறந்தவுடன் ஆளுக்கு ஆள் தனித்தீர்வை. கடைசியில் எல்லோருக்கும் பொதுத்தீர்வை. தூய ஆன்மா உடனே கடவுளைக் காண்கிறதா, பொதுத்தீர்வை வரை பொறுத்திருக்க வேண்டுமா என்பது ஒரு காலத்தில் பெரிய சண்டை. பொறுத்திருக்க வேண்டும் என்று பிரசங்கம் வைத்தவர் பாப்பரசரே: 22ஆம் யோவான். இறையியலாளர் கொதித்தெழ, மரணப் படுக்கையில் அதைத் திரும்பப் பெற்றார். அடுத்து வந்த 12ஆம் பெனடிக்ற், உடனே காண்கிறது என்று 1336இல் முடித்துவைத்தார். சுத்திகரிப்பு இன்னும் தேவைப்படுகிறவர்களுக்கு உத்தரிக்கிற ஸ்தலம். 31ஆம் நாள் பூசையும், நவம்பர் 2இல் சேமக்காலையில் மெழுகுதிரி ஏற்றுவதும் அவர்களுக்காகத்தான்.

புரட்டஸ்தாந்து சபைகள் உத்தரிக்கிற ஸ்தலத்தை ஏற்பதில்லை. கத்தோலிக்கர் இதற்கு ஆதாரமாகக் காட்டும் மக்கபேயர் நூல் அவர்களுடைய வேதாகமத்தில் இல்லை. ஏழாம் நாள் அட்வென்ரிஸ்ட் சபையாரும் யெகோவாவின் சாட்சிகளும், இறந்தவர் ஒன்றும் அறியாமல் இருக்கிறார்கள் என்பார்கள். பெந்தெகொஸ்தே சபைகளில் இரகசிய வருகைதான் பெரிய பேச்சு: மரித்த பரிசுத்தவான்கள் முதலில் எழும்ப, உயிரோடிருக்கிறவர்கள் அவர்களோடு ஆகாயத்தில் எடுத்துக்கொள்ளப்படுவார்கள். இத்தனை பிரிவிலும் உடல் எழும்பும் என்பதைப் பெரும்பாலான சபைகள் விடவில்லை.

கத்தோலிக்க இறையியலாளர் சிலரே இருபதாம் நூற்றாண்டில் அதற்கு வேறு விளக்கம் கொடுத்தார்கள். சாவோடு காலம் முடிகிறது. ஆகவே சாகிற கணத்திலேயே ஆள் உயிர்த்துவிடுகிறார், இடைக்காலம் என்று ஒன்றில்லை என்றார்கள். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. பிற்காலத்தில் 16ஆம் பெனடிக்ற் ஆன யோசேப் ராற்சிங்கர் இதை விடாமல் எதிர்த்தார். குழிக்குள் உடல் கிடக்கும்போதே உயிர்த்துவிட்டார் என்றால் உயிர்ப்பு என்ற சொல்லில் உடலுக்கு என்ன வேலை என்பது அவர் பக்கத்து வாதம். 1979 மே மாதம் வத்திக்கான் எல்லா ஆயர்களுக்கும் ஒரு கடிதம் அனுப்பியது. இறந்தவர்களுக்காகச் செபிப்பதையும் அடக்கச் சடங்கையும் அர்த்தமற்றதாக்குகிற எந்த விளக்கத்தையும் ஏற்க முடியாது என்று அதில் இருந்தது. மெழுகுதிரியோடு சேமக்காலைக்குப் போகிற சனங்களின் வழக்கத்தை ஆதாரமாக வைத்துப் பேராசிரியர்களைத் திருத்திய கடிதம் அது. மரியன்னையின் விண்ணேற்பையும் அதில் எடுத்துச் சொன்னார்கள். 1950 நவம்பர் 1இல் 12ஆம் பத்திநாதர் விசுவாச சத்தியமாக அறிவித்ததன்படி, அன்னை உடலோடும் ஆன்மாவோடும் மோட்சத்தில் இருக்கிறார். எல்லோரும் சாகும்போதே உயிர்த்துவிடுகிறார்கள் என்றால் அதில் தனிச் சிறப்பு ஒன்றும் இல்லை. ஓகஸ்ட் 15இல் மடு மாதா கோவிலுக்குத் திரள்கிறவர்கள் கொண்டாடுவது, மற்றவர்கள் இன்னும் பெறாத ஒன்றை அன்னை முன்பே பெற்றுவிட்டதைத்தான்.