போனில் நடக்கும் வேலையைக் குறைத்த கம்பைலர்

இணையப் பக்கங்கள் எழுதுவதுதான் என் தொழில். எழுதுவது வேகமான லேப்டாப்பில். அதைத் திறப்பவர் கையில் இருப்பதோ பெரும்பாலும் விலை குறைந்த போன். அந்த போனுக்காக யோசித்துச் செய்யப்பட்ட கருவி என்பதால்தான் எனக்கு ஸ்வெல்ட்டைப் பிடிக்கும்.

ஃபேஸ்புக் 2013இல் பொதுவில் வைத்த ரியாக்ட் என்ற கருவி வேறு வழியில் வேலை செய்கிறது. தகவல் மாறும்போது, பக்கம் எப்படி இருக்க வேண்டும் என்று நினைவகத்தில் ஒரு மாதிரி தயாரிக்கும். அதைப் பழைய மாதிரியோடு ஒப்பிட்டு, மாறிய இடத்தை மட்டும் திரையில் திருத்தும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஒப்பிடும் நிரலும் பக்கத்தோடு சேர்ந்து இறங்க வேண்டும். ஒப்பிடும் வேலையும் படிப்பவரின் போனில்தான் நடக்கும்.

கார்டியன் நாளிதழில் ஊடாடும் வரைபடங்கள் செய்துகொண்டிருந்த ரிச் ஹாரிஸ், 2016 நவம்பரில் ஸ்வெல்ட்டை வெளியிட்டார். எது மாறும் என்பது எழுதிய நிரலிலேயே தெரிகிறதே, அதை ஏன் போன் தேட வேண்டும் என்பதுதான் அதன் அடிப்படை.

ஒரு பொத்தானை எடுத்துக்கொள்ளுங்கள். அழுத்த அழுத்த அதன் மேலுள்ள எண் கூட வேண்டும். பக்கத்தை வெளியிடும் முன்பே நாம் எழுதிய கோப்பை ஜாவாஸ்கிரிப்டாக மாற்றித்தரும் ஸ்வெல்ட் கம்பைலர், அதைப் படிக்கும்போதே, இதில் மாறப்போவது அந்த எண் மட்டும்தான் என்று கண்டுகொள்ளும். அந்த இடத்தை நேராகத் திருத்தும் ஜாவாஸ்கிரிப்டை அப்போதே எழுதிவிடும். படத்துக்கு மாற்று உரை கொடுக்க மறந்தால் அங்கேயே எச்சரிக்கும். பார்வையற்றவர்களின் திரைவாசிப்பான் அந்த உரையைத்தான் படிக்கிறது என்பதால், இந்த எச்சரிக்கையை நான் பெரிதாக மதிக்கிறேன்.

கம்பைலர் எல்லாவற்றையும் தீர்த்துவிடாது. முந்தைய பதிப்புகளில், செயலி பெரிதாக ஆக ஒவ்வொரு உறுப்புக்கும் உருவாகும் நிரல் சேர்ந்துகொண்டே போகும். தொடக்கத்தில் கிடைத்த சிக்கனம் குறையும். 2024 அக்டோபரில் வந்த ஐந்தாம் பதிப்பு, மாற்றங்களைப் பின்தொடரும் பொறுப்பைப் போனில் ஓடும் ஒரு சிறு நிரலுக்குக் கொடுத்தது. ஆனாலும் கம்பைலர் என்ற எண்ணம் வேரூன்றிவிட்டது. சாலிட் என்ற இன்னொரு கருவி தன் வார்ப்புருக்களை முன்கூட்டியே கம்பைல் செய்கிறது. ரியாக்ட்டும் 2025 அக்டோபரில் தன் கம்பைலரின் 1.0 பதிப்பை வெளியிட்டது.

புதிதாகக் கற்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஸ்வெல்ட் தளத்தில் எழுதிப் பார்ப்பதற்கென்றே உள்ள ப்ளேகிரவுண்ட் பக்கத்தில் நாலு வரி எழுதிவிட்டு, கம்பைலர் அதை என்னவாக மாற்றியது என்று திறந்து படியுங்கள். எந்தக் கருவியில் எழுதினாலும், முடித்ததை ஒரு சாதாரண போனில் திறந்து பார்த்துவிட்டு வெளியிடுங்கள்.