உயர வரிசையில் பெஞ்சு நின்றால்?



பிரேயரில் "உயர வாரியா நில்லுங்க" என்றால் என்ன செய்கிறோம்? பக்கத்தில் நிற்பவளைவிட நான் குட்டையா, நெட்டையா என்று மட்டும் பார்க்கிறோம். வரிசை தானா அமைஞ்சிடும்.

ஜாவா கணினி மொழியிலும் இப்படித்தான். அதில் 'கம்பேரபிள்' என்று ஓர் இன்டர்ஃபேஸ் உண்டு. இன்டர்ஃபேஸ் என்றால் ஒப்பந்தம் மாதிரி. அதில் சேர்ந்தால் 'கம்பேர்டூ' என்ற வேலையைச் செய்தே ஆகணும். நான் சிறியது என்றால் மைனஸ் எண், சமம் என்றால் 0, பெரியது என்றால் பிளஸ் எண் தரணும். அடுக்குகிற புரோகிராமுக்கு நாம் மாணவியா மாம்பழமா என்று தெரியவே வேண்டாம்.

ஆனால் யாரோடு ஒப்பிடுவது? அதைச் சொல்லாமல் விட்டுத்தான் நான் மாட்டிக்கொண்டேன். பாலிடெக்னிக் படிக்கும் எங்க அக்கா சொல்லித்தர, அறிவியல் கண்காட்சிக்கு மார்க் வரிசை புரோகிராம் எழுதினேன். கடைசி நேரத்தில் ஒருத்தியைச் சேர்க்கும்போது மார்க் இல்லாமல் வெறும் பெயரை மட்டும் போட்டுவிட்டேன். கம்பைலர் தடுக்கலை. எல்லாரும் பார்க்க, ஓடும்போது பாதியில் நின்னுபோச்சு. எனக்கு அழுகையே வந்துடுச்சு. உயர வரிசையில் பெஞ்சு வந்து நின்ற கதைதான்!

2004-இல் வந்த ஜாவா 5 இதற்கு ஒரு வழி தந்தது: ஜெனரிக் இன்டர்ஃபேஸ். 'கம்பேரபிள்' பக்கத்தில் கோண அடைப்புக்குறிக்குள் 'மாணவி' என்று எழுதினால், மாணவியோடு மட்டுமே ஒப்பிடுவேன் என்று பொருள். பட்டியலுக்கான 'லிஸ்ட்'டும் ஜெனரிக் இன்டர்ஃபேஸ்தான். அதிலும் 'மாணவி' என்று எழுதினேன். மறுநாள் அதே தப்பை வேணும்னே செய்து பார்த்தேன். ஓடுவதற்கு முன்பே, இந்த வரியில் தப்பு என்று கம்பைலர் காட்டிக்கொடுத்தது!

மாம்பழத்தை அடுக்கணும்னா அடைப்புக்குறிக்குள் 'மாம்பழம்' என்று எழுதிக்கலாம். இன்டர்ஃபேஸ் அதேதான். பார்க்க விரும்புறவங்க மதிய இடைவேளையில் கணினி அறைக்கு வாங்க.